தொடும் முன்பே அலறும் அலாரம்: கபாசிட்டிவ் உணரியை அமைப்பதும் அட்ஜஸ்ட் செய்வதும்

பள்ளி, பாலிடெக்னிக் கண்காட்சிகளில் இந்த மாடலைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாளின் பக்கம் கையைக் கொண்டுபோனால், தொடுவதற்கு முன்பே பஸ்ஸர் அலறும். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "கையோட சூட்டை உணருது சார்" என்பது ஒன்று. "நம்ம உடம்புல இருக்கிற கரண்ட்டைப் பிடிக்குது" என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கற்றுக்கொள்ளும் இடங்களிலேயே இந்த விஷயம் குழப்பமாகத்தான் பேசப்படுகிறது.

இந்த அலாரத்தைக் கட்டுவது சுலபம். இரண்டு ஐசி, ஒரு கைப்பிடி உதிரி பாகங்கள், அவ்வளவுதான். கட்டியதை ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்வதில்தான் வேலையே இருக்கிறது. பலர் செய்த சர்க்யூட் மேசைமேல் ஒருமுறை அலறிவிட்டு அப்புறம் எப்போதும் சரியாக வேலை செய்யாது. அது எதை அளக்கிறது என்று தெரியாமல் பிரிசெட்டைத் (திருகினால் மின்தடை கூடிக் குறையும் சின்ன பாகம்) திருகுவதுதான் காரணம். அதனால் அளக்கப்படுவது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம்.

கலந்து கிடப்பதை முதலில் பிரிப்போம்

உடல் சூட்டை உணர்வது பிஐஆர் சென்சார். மாடிப்படியிலும் ஓட்டல் கழிவறையிலும் ஆள் நுழைந்ததும் தானாக விளக்கு எரிகிறதே, அங்கே இருப்பது அதுதான். உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் இடம் மாறுவதை அது கவனிக்கிறது. நாம் பேசப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது குழப்பம் இதைவிட ஆழமானது. 'டச் சுவிட்ச்', 'புராக்சிமிட்டி அலாரம்' என்ற பெயர்களில் சுற்றும் பல படங்களில், ஒரு வெறும் கம்பி நேராக டிரான்சிஸ்டரின் பேஸுக்கோ சிடி 4017 ஐசியின் கிளாக் காலுக்கோ போகும். நம் வீட்டு ஒயரிங்கைச் சுற்றி எப்போதும் 50 ஹெர்ட்ஸ் மின்புலம் இருக்கிறது. நம் உடம்பு அதற்கு ஓர் ஏரியல் மாதிரி ஆகிவிடுகிறது. கை பக்கத்தில் போனதும் அந்த 50 ஹெர்ட்ஸ் சிக்னல் கம்பிக்குள் நுழைகிறது, சர்க்யூட் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. 'உடம்பில் இருக்கிற கரண்ட்' என்ற விளக்கம் பிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வகை சர்க்யூட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பேட்டரியில் ஓடவிட்டு, கரண்ட் கட் ஆன நேரத்தில் சோதித்துப் பாருங்கள், அல்லது மின்கம்பி ஏதும் இல்லாத ஒரு மைதானத்தின் நடுவே கொண்டுபோங்கள். பேசாமல் கிடக்கும். உண்மையான கபாசிட்டிவ் அலாரம் அங்கேயும் வேலை செய்யும். ஏனென்றால் அது தன் சிக்னலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

கபாசிட்டர் என்பது என்ன?

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் "கண்டென்சர் போயிருச்சு" என்கிறாரே, அதுவேதான் கபாசிட்டர். இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருள். பிளாஸ்டிக், கண்ணாடி, காற்று என எதுவாகவும் இருக்கலாம். இந்த அமைப்பில் மின்னேற்றம் தேங்கும். ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு தேங்கும் என்ற அளவுக்குப் பெயர் கபாசிட்டன்ஸ். அதன் அலகு ஃபாரடு. நம் வேலைக்கு ஃபாரடு மிகப் பெரிது. அதை லட்சம் கோடியால் வகுத்து வரும் பிகோஃபாரடுதான் நமக்கு வேண்டியது.

கபாசிட்டன்ஸ் எவ்வளவு என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. தகடுகளின் பரப்பு கூடினால் அதுவும் கூடும். இடைவெளி குறைந்தாலும் கூடும். நடுவில் இருக்கும் பொருளைப் பொறுத்தும் மாறும். காற்றை 1 என்று வைத்தால் தண்ணீருக்கு இந்த மதிப்பு ஏறக்குறைய 80. இந்த 80 பின்னால் மழைக்காலத்தில் நமக்குத் தலைவலி தரும்.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தகடு. அதற்கு எதிரே அதே அளவு உள்ளங்கை. இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் கபாசிட்டன்ஸ் சுமார் 0.9 பிகோஃபாரடு. 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 1.8. ஒரு சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட 9. தூரத்தில் இருக்கும்போது, தகட்டின் ஓரங்களில் வளைந்து செல்லும் புலத்தால் நிஜமான மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் ஒழுங்கு இதுதான்: பாதி தூரம், இரண்டு மடங்கு கபாசிட்டன்ஸ்.

இது எவ்வளவு சின்ன அளவு என்று புரிய, ஃபேன் கண்டென்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரடு என்று அச்சடித்திருக்கும். அதாவது 25 லட்சம் பிகோஃபாரடு. நம் அலாரம் கவனிக்க வேண்டியது ஒன்று அல்லது இரண்டு பிகோஃபாரடு.

உங்கள் உடம்பும் ஒரு தகடு

"சரி, தாள் ஒரு தகடு. கை எப்படித் தகடாகும்? கையில் கம்பி ஒன்றும் கட்டவில்லையே" என்ற கேள்வி நியாயமானது. பதில் உங்கள் வீட்டு டெஸ்டரில் இருக்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, காய்ந்த தரையில் நின்று டெஸ்டரின் தலையைத் தொட்டாலும் அதன் குட்டி விளக்கு எரிகிறது. செருப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பிறகு எப்படி எரிகிறது?

உப்பும் நீரும் நிறைந்த நம் உடம்பு ஒரு கடத்தி. பூமியும் ஒரு கடத்தி. நடுவில் செருப்பும் காற்றும். அதாவது, நீங்களும் பூமியும் சேர்ந்தே ஒரு கபாசிட்டர். நிற்கும் மனிதருக்கு இது ஏறக்குறைய 100 பிகோஃபாரடு. மாறுதிசை மின்சாரம் இந்தக் கபாசிட்டர் வழியே கொஞ்சம் ஓடும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் சுமார் 7 மைக்ரோ ஆம்பியர். நமக்கு உறைக்காது, அந்த நியான் விளக்கு மினுங்க மட்டும் போதும்.

ஆக, கையைத் தாளின் அருகே கொண்டுபோனால், தாளுக்கும் கைக்கும் நடுவே ஒரு சின்ன கபாசிட்டர் உருவாகிறது. அது உடம்பின் வழியாகப் பெரிய 100 பிகோஃபாரடு கபாசிட்டரோடு சேர்ந்து பூமியில் போய் முடிகிறது. இதில் சூட்டுக்குப் பங்கு இல்லை. குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் குடத்தைக் கையில் பிடித்தபடி நீட்டினாலும் அலாரம் அடிக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தாளும் கையும் இரண்டு தகடுகள், இடையில் காற்று. கை நெருங்க நெருங்கத் தாளின் கபாசிட்டன்ஸ் ஓரிரு பிகோஃபாரடு கூடுகிறது. இந்தக் கூடுதலைக் கண்டுபிடிப்பதுதான் சர்க்யூட்டின் ஒரே வேலை.

பிகோஃபாரடை நேரமாக மாற்றுவது

இவ்வளவு சின்ன மாற்றத்தை நேராக அளப்பது கடினம். நேரமாக மாற்றிவிட்டால் சுலபம்.

இரண்டு குடங்களை இரண்டு குழாய்க்கு அடியில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். எந்தக் குடம் பெரிதோ அது மெதுவாக நிரம்பும். குழாய் சன்னமாக இருந்தால் இன்னும் மெதுவாக நிரம்பும். குடத்தின் அளவு கபாசிட்டன்ஸ். குழாயின் சன்னம், மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர். இரண்டையும் பெருக்கினால் நிரம்ப ஆகும் நேரம் தெரியும். இதற்கு ஆர்சி நேரம் என்று பெயர். 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 20 பிகோஃபாரடும் சேர்ந்தால் 20 மைக்ரோ விநாடி. கை வந்து ஒரு பிகோஃபாரடு கூடினால் 21 மைக்ரோ விநாடி.

இப்போது ஒரு குடம் நம் அலுமினியத் தாள். இன்னொன்று, அளவு மாறாத ஒரு சாதாரண கபாசிட்டர். அதன் குழாயை மட்டும் நாம் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். ஆள் யாரும் இல்லாதபோது தாள் ஒரு நூலிழை முந்தும்படி வைத்துவிடுகிறோம். கை வந்தால் தாள் பின்தங்கிவிடும். அலாரம் அடிக்கும். நேரத்தை எண்ணவே தேவையில்லை, யார் முந்தினார் என்று பார்த்தால் போதும்.

அளவை அதிர்வெண்ணாக மாற்றும் வழியும் உண்டு. ரஷ்யாவில் லெவ் தெர்மின் 1920 வாக்கில் உருவாக்கிய தெர்மின் என்ற இசைக்கருவி அப்படித்தான் பாடும். கையை ஏரியலின் அருகே அசைத்தால் சுருதி ஏறி இறங்கும். தொடாமலே வாசிக்கும் அந்தக் கருவிக்கு 1928-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அலாரத்துக்கு ஓட்டப்பந்தய முறையையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு பாதைகளும் ஒரே பேட்டரியில், ஒரே ஐசிக்குள் ஓடுவதால், பேட்டரி இறங்கினாலும் அறை சூடானாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பாதிக்கப்படும். வித்தியாசம் பெரிதாக மாறாது. ஒரே ஒரு ஆஸிலேட்டரை (தானாக ஏறி இறங்கும் சிக்னலை உண்டாக்கும் பகுதி) நம்பியிருக்கும் சர்க்யூட்டுக்கு இந்த வசதி இல்லை.

சர்க்யூட்

இரண்டு ஐசி வேண்டும். முதலாவது சிடி 40106. இதற்குள் ஆறு இன்வர்ட்டர்கள் இருக்கின்றன. கரண்ட் போனால் வீட்டில் ஓடும் இன்வர்ட்டர் வேறு, இது வேறு. இதில் உள்ளே வோல்ட்டேஜ் கூடினால் வெளியே பூஜ்யம், உள்ளே குறைந்தால் வெளியே முழு வோல்ட்டேஜ். இவை ஷ்மிட் டிரிகர் வகை. அதாவது ஏறும்போது ஒரு வோல்ட்டேஜில் மாறும், இறங்கும்போது அதைவிடக் குறைந்த வோல்ட்டேஜில்தான் திரும்பும். நடுவில் தடுமாறாது. இரண்டாவது ஐசி சிடி 4013. இது டி ஃபிளிப்-ஃபிளாப். கிளாக் காலில் வோல்ட்டேஜ் ஏறும் அந்தக் கணத்தில் டி காலில் என்ன இருந்ததோ, அதை நினைவில் வைத்துக்கொள்ளும். யார் முந்தினார் என்று தீர்ப்புச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

மின்சாரம் 9 வோல்ட் பேட்டரி. இரண்டு ஐசியிலும் 14-ம் கால் பிளஸ், 7-ம் கால் மைனஸ். ஒவ்வொரு ஐசியின் அருகிலும் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 100 நானோஃபாரடு போடுங்கள். பேட்டரிக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரடு. இவற்றை விட்டால் பஸ்ஸர் அடிக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் துள்ளி, அலாரம் தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும்.

40106-ல் 1-ம் காலுக்கும் 2-ம் காலுக்கும் நடுவே 100 கிலோ ஓம், 1-லிருந்து மைனஸுக்கு 2.2 நானோஃபாரடு. மேலே 222 என்று எழுதியிருக்கும். இது நொடிக்கு ஐயாயிரம் முறைக்கு மேல் ஏறி இறங்கும் ஆஸிலேட்டர். 2-ஐ 3-க்கு இணையுங்கள். வெளியே வரும் 4-ம் கால்தான் இரண்டு குழாய்களுக்கும் தண்ணீர் தரும் இடம்.

தாள் பாதை: 4-லிருந்து 1 மெகா ஓம், அதன் மறுமுனையில் தாளின் கம்பி. அதே முனையிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 5-ம் கால். இந்த 10 கிலோ ஓம் காவலுக்கு. கையில் இருக்கும் நிலைமின்சாரம் தாளில் பாய்ந்தால் ஐசி கெடாமல் பார்த்துக்கொள்ளும். தாளை பிளாஸ்டிக் டேப்பால் மூடிவிட்டால் இன்னும் நல்லது. உணரும் தன்மை பெரிதாகக் குறையாது. 6-ம் கால் 4013-ன் 5-ம் காலான டி-க்குப் போகிறது.

ஒப்பீட்டுப் பாதை: அதே 4-லிருந்து 10 கிலோ ஓம், தொடர்ந்து 100 கிலோ ஓம் பிரிசெட், அப்புறம் மைனஸுக்கு 470 பிகோஃபாரடு. பிரிசெட்டும் அந்தக் கபாசிட்டரும் சேரும் இடத்திலிருந்து 9-ம் கால். 8-ம் கால் 4013-ன் 3-ம் காலான கிளாக்குக்கு. 470 பிகோஃபாரடை வாங்கும்போது என்பிஓ வகை கேளுங்கள். வெப்பத்துக்கு மதிப்பு மாறாத வகை அது. கையில் கிடைத்த டிஸ்க் செராமிக்கைப் போட்டால் மதிய வெயிலில் ஒன்றும் இரவில் ஒன்றும் காட்டும்.

4013-ல் 4, 6, 8, 9, 10, 11 ஆகிய கால்கள் எல்லாம் மைனஸுக்கு. சும்மா தொங்கவிட்டால் அவையும் ஏரியலாகிவிடும். 2-ம் கால்தான் நமக்கு வேண்டிய வெளியீடு. ஆள் இல்லாதபோது பூஜ்யம், ஆள் வந்தால் 9 வோல்ட். இதை 100 கிலோ ஓம் வழியாக 40106-ன் 11-ம் காலுக்குக் கொடுத்து, அங்கிருந்து மைனஸுக்கு 1 மைக்ரோஃபாரடு போடுங்கள். 10-ஐ 13-க்கு இணைத்து, 12-லிருந்து 10 கிலோ ஓம் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் மைனஸில், கலெக்டருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே பஸ்ஸர். தனக்குள்ளேயே ஆஸிலேட்டர் உள்ள பஸ்ஸராக இருக்க வேண்டும்.

அந்த 100 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரடும் பத்தில் ஒரு நொடி தாமதம் தரும். இது அலங்காரம் அல்ல. எல்லையில் நிற்கும்போது, சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் தாளில் நுழைந்து தீர்ப்பை நொடிக்கு 50 முறை மாற்றி மாற்றிப் போடும். தாமதம் இல்லாவிட்டால் பஸ்ஸர் கரகரக்கும்.

சுருக்கமாகச் சொன்னால்: ஓர் ஆஸிலேட்டர் இரண்டு பாதைகளைத் தட்டிவிடுகிறது. தாள் பாதை முந்தினால் அமைதி. பின்தங்கினால் ஃபிளிப்-ஃபிளாப் புரள்கிறது, ஒரு சிறு தாமதத்துக்குப் பிறகு பஸ்ஸர்.

பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) சோதிக்கலாம், ஆனால் அதிலேயே விட்டுவிடாதீர்கள். அதன் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவே சில பிகோஃபாரடு இருக்கிறது. கம்பி ஆடினால் அதுவும் ஆடும். டாட் போர்டில் சால்டர் செய்துவிடுங்கள். தாளுக்குப் போகும் கம்பி சாதாரணக் கம்பியாக, அரை அடிக்குள் இருக்கட்டும். நல்லது என்று நினைத்து டிவி கேபிள் போன்ற ஷீல்டு ஒயரைப் போட்டால், அதற்கே மீட்டருக்கு 50 முதல் 100 பிகோஃபாரடு வரை இருக்கும். நம் ஒரு பிகோஃபாரடு அதில் காணாமல் போகும்.

பலரும் மறக்கும் பாதி: கிரவுண்ட்

கபாசிட்டருக்கு இரண்டு தகடு வேண்டும் என்று பார்த்தோம். தாளிலிருந்து கை, உடம்பு, பூமி என்று வந்துவிட்டோம். பூமியிலிருந்து சர்க்யூட்டின் மைனஸுக்குத் திரும்பும் வழி எங்கே? பேட்டரியில் ஓடும் சின்ன சர்க்யூட்டுக்கு அந்த வழி காற்றின் ஊடேதான். அதுவும் இரண்டு மூன்று பிகோஃபாரடுதான்.

கபாசிட்டர்கள் தொடராக இணைந்தால் மொத்தம், அவற்றில் மிகச் சிறியதைவிடவும் குறைவாக இருக்கும். கைக்கும் தாளுக்கும் 2 பிகோஃபாரடு, உடம்புக்கு 100, சர்க்யூட்டிலிருந்து பூமிக்கு 2 என்றால் மொத்தம் 1. பாதி போச்சு. உடம்பின் 100 இதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். செருப்பு போட்டவரா, வெறுங்காலா என்பது அவ்வளவு முக்கியமில்லை. சர்க்யூட்டின் மைனஸ் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம்.

இதற்குத் தீர்வு எளிது. தாளைவிடப் பல மடங்கு பெரிய இன்னொரு அலுமினியத் தாளைத் தரையில் விரித்து, பேட்டரி மைனஸை அதோடு இணையுங்கள். வீட்டுக்கு வெளியே ஈரமண்ணில் அடித்த ஒரு இரும்புக் கம்பி கிடைத்தால் இன்னும் சிறப்பு. பிளக் பாயிண்டின் எர்த் துளையில் கம்பி செருகும் யோசனையை மட்டும் தொடவே வேண்டாம். ஒயரிங் தவறாக இருந்தால் உயிருக்கு ஆபத்து.

பேட்டரியில் இருந்தபோது உணராத சர்க்யூட், மைனஸைத் தொட்டுக்கொண்டு நின்றால் திடீரென்று நன்றாக வேலை செய்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது மாயம் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் உடம்பே திரும்பும் பாதையாகிவிடுகிறது.

அட்ஜஸ்ட் செய்யும் முறை

பிரிசெட் கட்டாயம் பல சுற்று வகையாக இருக்க வேண்டும். நீலநிறத்தில், மேலே சின்னப் பித்தளைத் திருகோடு கிடைக்கும் 25 சுற்று பிரிசெட் நல்லது. ஏன் என்று கணக்குச் சொல்லும். தாள் பாதையில் ஒரு பிகோஃபாரடு கூடினால் 1 மைக்ரோ விநாடி கூடுகிறது. 470 பிகோஃபாரடு உள்ள ஒப்பீட்டுப் பாதையில் அதே 1 மைக்ரோ விநாடியைக் கூட்ட சுமார் 2.1 கிலோ ஓம் போதும். 100 கிலோ ஓமை 25 சுற்றால் வகுத்தால் சுற்றுக்கு 4 கிலோ ஓம். ஆக, அரைச் சுற்று ஏறக்குறைய ஒரு பிகோஃபாரடு. சாதாரண ஒற்றைச் சுற்று பிரிசெட்டில் இது ஐந்தாறு டிகிரி அசைவு. விரல் நடுங்கினால் போய்விடும்.

முதலில் பஸ்ஸரைக் கழற்றிவிட்டு அங்கே ஓர் எல்இடியும் 1 கிலோ ஓமும் போடுங்கள். சத்தம் இல்லாமல் நிதானமாக வேலை பார்க்கலாம். தாளையும் கம்பியையும் கடைசியாக எங்கே வைக்கப்போகிறீர்களோ அங்கேயே பொருத்துங்கள். மேசையில் செட் செய்துவிட்டுக் கதவுக்குக் கொண்டுபோனால் எல்லாம் வீண். கதவின் மரமும் சுவரும் தாளின் கபாசிட்டன்ஸை மாற்றிவிடும். பேட்டரியை இணைத்து பத்து நிமிடம் விடுங்கள்.

திருகுவதற்கு பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வழியாக உங்கள் கையே சர்க்யூட்டுக்குள் போய்விடும். பிளாஸ்டிக் கிடைக்காவிட்டால் மூங்கில் குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவிக்கொள்ளலாம். எதுவானாலும், திருகும் கையும் ஒரு தகடுதான். கால் சுற்று திருகு, கையை எடு, இரண்டடி பின்னால் போ, எல்இடியைப் பார். இந்த ஒழுங்கை விடக்கூடாது. கையை வைத்துக்கொண்டே செட் செய்தால், நீங்கள் பக்கத்தில் நிற்பதையே 'யாரும் இல்லை' என்று சர்க்யூட்டுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவீர்கள். நீங்கள் விலகியதும் அது மந்தமாகிவிடும்.

பிரிசெட்டின் மின்தடை முழுதாக இருக்கும் நிலையில் தொடங்குங்கள். ஒப்பீட்டுப் பாதை மிக மெதுவாக இருக்கும், எல்இடி எரியாது. மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில், யாரும் அருகில் இல்லாமலே எல்இடி எரியும். அதுதான் எல்லை. இரண்டு பாதைகளும் சமமாக இருக்கும் இடம். அங்கிருந்து திரும்பப் பின்னால் திருகுங்கள். எவ்வளவு பின்னால் திருகுகிறீர்களோ அவ்வளவுதான் அலாரத்தின் பொறுமை.

முன்பு போட்ட கணக்கை இங்கே நேராகப் பயன்படுத்தலாம். அரைச் சுற்று பின்னால் போனால் ஒரு பிகோஃபாரடு இடைவெளி, அதாவது கை சுமார் 10 சென்டிமீட்டருக்கு வரும்போது அடிக்கும். ஒரு முழுச் சுற்று போனால் சுமார் 5 சென்டிமீட்டர். கால் சுற்றில் நிறுத்தினால் 20 சென்டிமீட்டரிலேயே உணரும். ஆனால் ஜன்னல் திரை அசைந்தாலும் அடிக்கும். தாளின் அகலத்தைவிட அதிக தூரத்துக்கு ஆசைப்படாதீர்கள். தூரம் வேண்டுமென்றால் தாளைப் பெரிதாக்குங்கள், பிரிசெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அடுத்த நாள் ஏன் மாறிவிடுகிறது?

முதல் நாள் அழகாக வேலை செய்தது, மறுநாள் காலையில் தானாக அடித்துக்கொண்டிருந்தது என்ற புகார் சகஜம். சர்க்யூட் கெடவில்லை. சுற்றுப்புறம் மாறியிருக்கிறது. ஐப்பசி மழையில் மரக்கதவு ஈரத்தை இழுக்கும். தண்ணீரின் 80 இங்கே வேலையைக் காட்டும். தாளின் கபாசிட்டன்ஸ் ஒரு பிகோஃபாரடு தாராளமாக ஏறும். அலாரத்துக்கு அதுவும் கையும் ஒன்றுதான். தாளை மரத்தோடு ஒட்டாமல், அரை அங்குலம் தெர்மோகோல் வைத்து இடைவெளி விட்டால் இந்த ஏற்றம் பெருமளவு குறையும்.

கடையில் கிடைக்கும் டச் மாட்யூல்கள், டிடிபி 223 மாதிரியானவை, இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கின்றன. இப்போதைய நிலைதான் 'யாரும் இல்லை' என்று அவ்வப்போது தாமே புதிதாகக் குறித்துக்கொள்ளும். சுவிட்சுக்கு இது அருமையான யோசனை. அலாரத்துக்கு ஆபத்தானது. கையை மிக மெதுவாகக் கொண்டுவந்தால் அந்த மாற்றத்தையும் இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நான் கையால் செட் செய்யும் முறையை விரும்புவதற்கு இதுவே காரணம்.

ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன கன்ட்ரோலர் போர்டு) வைத்திருப்பவர்கள் கபாசிட்டிவ் சென்சார் லைப்ரரியில் இதே ஆர்சி நேரத்தைத்தான் எண்ணுகிறார்கள். தொட்டால் மட்டும் போதும் என்றால் 1 மெகா ஓம், நாலைந்து அங்குலத்துக்கு 10 மெகா ஓம், ஓரடிக்கு மேல் வேண்டுமென்றால் 40 மெகா ஓம் என்று அதில் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். குழாய் சன்னமானால் ஒரு பிகோஃபாரடுக்கு நேர வித்தியாசம் பெரிதாகும், கூடவே இரைச்சலும் (வேண்டாத சிக்னல்) பெரிதாகும்.

சார்ஜரும் இரும்பும்

பேட்டரிக்குப் பதில் பழைய மொபைல் சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுக்க நினைப்பவர்கள் உண்டு. மட்டமான சார்ஜரில் போட்டால் ஃபோனின் தொடுதிரை தானாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கபாசிட்டிவ் உணரிதான். சார்ஜரின் இரைச்சல் அதன் கிரவுண்டை ஆட்டிவைக்கிறது. நம் அலாரத்துக்கும் அதே கதி. பேட்டரியில் அமைதியாகவும் சார்ஜரில் கரகரப்பாகவும் இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எங்கே பொருத்தலாம் என்றால், மரக்கதவின் உலோகக் கைப்பிடி மிகப் பொருத்தம். கைப்பிடியே தகடாகிவிடும், தாள் வேண்டாம். இரும்புக் கதவும் கிரில் கேட்டும் உதவாது. அவை கீல் வழியாகச் சுவரோடும் மண்ணோடும் இணைந்து கிடக்கும். இரும்பு பீரோவைத் தகடாக்கலாம். ஆனால் கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டு, சுவரில் சாயாமல் நகர்த்தி வைக்க வேண்டும். பீரோவின் சொந்தக் கபாசிட்டன்ஸ் நூறு பிகோஃபாரடைத் தாண்டிவிடும். 1 மெகா ஓமை அப்படியே விட்டால் அடுத்த சுற்று தொடங்குவதற்குள் தாள் பாதை நிரம்பி முடிக்காது; அதை 220 கிலோ ஓமாகக் குறையுங்கள். ஒரு பிகோஃபாரடுக்குக் கிடைக்கும் நேரமும் அதே விகிதத்தில் சுருங்கும். ஆனால் பீரோவின் முன்னால் ஆள் வந்து நின்றால் கூடுவது ஒன்றிரண்டு பிகோஃபாரடு அல்ல, அதனால் பரவாயில்லை. பீரோமேல் சூட்கேஸ் ஏற்றினாலோ, அரை அடி தள்ளி வைத்தாலோ பழைய எல்லை நகர்ந்துவிடும். அப்போது பஸ்ஸரைக் கழற்றி எல்இடியை மாட்டி, முழு மின்தடையிலிருந்து மறுபடி இறங்கி வர வேண்டும்.